வார்னிஷ் இன்னும் காயலய்யா

இல்லய்யா, இல்லய்யா, அந்தப் படியில மட்டும் கால வைக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க. உங்களத் தடுக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா? விச்சென்சாவுலருந்து வண்டியிலயும் படகுலயும் இடுப்பொடிய வந்திருக்கீங்க, உங்க பிரபுவோட கல்யாணப் படத்த எடுத்துட்டுப் போகணும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா வியாழக்கெழம வர்றோம்னு கடுதாசி போட்டுட்டு புதன்கெழமையே வந்து நின்னா நாங்க என்னய்யா பண்றது? வார்னிஷ் காயல. நேத்து சாயங்காலம்தான் பூசினது. இப்பக் கதவத் தெறந்தா இந்த ஊர்க் கரிப்புகை, புறா எறகு, எல்லாம் பறந்துபோய் அந்தம்மா ஒடம்புல ஒட்டிக்கும். அப்புறம் உங்க பிரபு பாத்துட்டு, ஏன்டா, வீனஸ் தேவிக்கு அம்மை போட்டிருக்கான்னு கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?

உக்காருங்க. அந்தப் பெட்டி வேணாம், அதுல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு. இந்தத் துணிக்கட்டு மேல உக்காருங்க, மெத்த மாதிரி இருக்கும். வாத்தியாரு முரானோ தீவு வரைக்கும் போயிருக்காரு, கன்னிமடத்துல பீடத்துப் படத்துக்கு அளவெடுக்க. மத்தியானத்துக்குள்ள வந்துருவாரு. அதுவரைக்கும் இந்த மால்வசியா ஒயினக் குடிங்க. இந்தாங்க, பணியாரம். திராட்ச போட்டுப் பொரிச்சது. கார்னிவல் திருவிழா முடியற வரைக்கும்தான் கெடைக்கும், சூடா இருக்கும்போதே வாயில போடுங்க.

என்னைய ஞாபகமில்லையா? லுனார்தோங்க. செப்டம்பர்ல நீங்க பாதிப் படத்தப் பாக்க வந்தப்ப மூலையில ஒருத்தன் மூக்கெல்லாம் செவப்பா நின்னு சாயம் அரச்சிட்டு இருந்தானே... ஆங், அவனேதான். பதினாறு வருஷமா வெத்தோர் வாத்தியார்கிட்ட இருக்கேன். மொகம், கை, ஒடம்பு எல்லாம் அவரு. விரிப்பு, திரைச்சீல, தலகாணி, மேல பூசற எண்ணெப்பூச்சு, அது நான். அதாவது அந்தம்மா அவரோடது, அந்தம்மா எது மேல படுத்திருக்காங்களோ அது என்னோடது.

நான் எங்கய்யா சிரிக்கிறேன்? காலையிலருந்து என் மூஞ்சி இப்பிடித்தான் இழுத்துக்கிட்டு நிக்குது. வெறும் வயித்துல ரெண்டு கிண்ணம் ஊத்திக்கிட்டேன், அதான்.

அதுவா? அது ஒண்ணுமில்லிங்க. மேல தச்சரு. சட்டம் அடிக்கிறாரு. ஆமா, கொஞ்சம் மொனகுவாரு, வயசாயிருச்சு பாருங்க. இல்லய்யா, படம் இருக்கிற ரூம்ல இல்ல, அதுக்குப் பக்கத்து ரூம்ல. அவர மட்டும் விடுவோமா?

நீங்க பணியாரத்தச் சாப்பிடுங்க, நான் சொல்றேன். அந்த ஒடம்பு எப்பிடி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஃப்ளாரன்ஸ்காரனா இருந்தா மொதல்ல கோடு போடுவான். தலையிலருந்து கால் வரைக்கும் வேலி கட்டற மாதிரி கோடு. அப்புறம் அதுக்குள்ள கலர ரொப்புவான். எங்க வாத்தியாருக்குக் கோடுன்னாலே ஆகாது. நம்ம ஒடம்ப சுத்தி யாராச்சும் கோடா போட்டிருக்கான்னு கேப்பாரு. பாய்மரத்துணிய இழுத்துக் கட்டி, பழுப்பா ஒரு பூச்சு குடுத்து, நேரா பிரஷ்ஷ வச்சே ஆரம்பிச்சிருவாரு. தோளு எங்க முடியுது, மெத்த எங்க தொடங்குதுன்னு நீங்க கிட்டப்போய்ப் பாருங்க, தெரியாது. நாலடி பின்னால வந்தீங்கன்னா மூச்சு விடற மாதிரி இருக்கும்.

வெள்ளைய அள்ளி அப்புனா ஒடம்பு வராதுய்யா, சுண்ணாம்படிச்ச செவுருதான் வரும். ஈயவெள்ளைய மெலிசா போட்டு, அது காஞ்சதும் ஆளிவெத எண்ணெயில ஒரு சொட்டு அரக்குச் செவப்பு கலந்து தண்ணி மாதிரி ஒரு பூச்சு. அது காயறதுக்கு ஒரு வாரம். மறுபடி ஒரு பூச்சு, லேசா மஞ்ச. மறுபடி. முப்பது தடவைக்கு மேல பூசியிருக்கோம். வெளிச்சம் இத்தனையும் தாண்டி அடியில இருக்கிற வெள்ள வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருது. அதான் தோலுக்குள்ள ரத்தம் ஓடற மாதிரி தெரியுது. கடைசியில வாத்தியாரு பிரஷ்ஷத் தூக்கி எறிஞ்சிட்டு கட்டவெரலால தேய்ப்பாரு. அந்த முழங்காலு முழுக்க கட்டவெரலுதான்.

என் விரிப்பப் பத்தி யாரும் பேசமாட்டீங்க. அது வெள்ளைன்னுதான நெனச்சீங்க? வெள்ளையே கெடையாது. சாம்பலு, நீலம், அந்தம்மா இடுப்புக்குப் பக்கத்துல லேசா ரோஸு. ஒரு மடிப்புக்கு மூணு நாளு. உங்க பிரபு அதக் கவனிக்கப் போறாரா? மனுஷன் கண்ணு வேற எடத்துல இருக்கும்.

வணக்கம் பாஸ்குவாம்மா! போங்க போங்க, வழி விட்டாச்சு... இவங்களா? பக்கத்துத் தெருவுல இருக்காங்க. வாளியில என்னவா? வெந்நீருங்க. பிரஷ் கழுவ. நாலு வாளியான்னா... பெரிய படம் இல்லிங்களா.

அய்யய்யோ, அப்பிடியெல்லாம் நெனைக்காதீங்க! வேற ஆளுக்கு விக்கவே இல்ல. புனித மாற்கு மேல சத்தியமா சொல்றேன். மேல இன்னொரு பிரபுவோட ஆளும் இல்ல, யாரும் பேரம் பேசல. படம் உங்களோடதுதான். கல்யாணத்துக்கு முன்னால உங்க அரமனைப் படுக்கயறையில மாட்டியிருக்கும். உக்காருங்கய்யா. படகுக்காரன் இருக்கட்டும், அவன் பாட்டுக்கு மொகமூடி போட்டுட்டுப் போற பொண்ணுங்கள வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கான், நல்லாத்தான் இருக்கான்.

சரி, உங்க பிரபு எழுதின கடுதாசி ஞாபகம் இருக்கா? நீங்கதான எழுதியிருப்பீங்க, கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. கையில சீமைமாதுளம்பழம் இருக்கணும், புள்ளக்குட்டி பெருகணும்னு அர்த்தம். சன்னல்ல மிர்ட்டில் செடி, எல பழுக்காது, அந்த மாதிரி கல்யாணம் வாடாம இருக்கணும். கட்டிலுக்குக் கீழ ஒரு சோடி செருப்பு, பொண்ணு வீட்டுக்கு வந்தாச்சு, இனிமே எங்கயும் போகமாட்டா. கால்மாட்டுல நாய். நன்றியோட இருக்கணும்.

இந்த நாயில வந்துதுய்யா வென! மூணு நாயக் கொண்டாந்தோம். மொத நாயி செருப்பத் தின்னுருச்சு. ரெண்டாவது, வாத்தியாரப் பாத்து ஓயாம கொலச்சுது. மூணாவது மீன்காரன் நாயி, நல்லா தூங்குச்சு, ஆனா அது விட்ட காத்துல சன்னலத் தெறந்து வச்சுக்கிட்டு ஆளாளுக்குத் தலைய வெளிய நீட்டினோம். இதுல எங்க பட்டறப் பூன இருக்கே, அது பாட்டுக்கு வந்து கால்மாட்டுல சுருண்டு படுத்துக்கிட்டு நாலு மணி நேரம் அசையல. பூன ஆகாது, பூனன்னா கள்ளத்தனம்னு கடுதாசியில இருக்கு. வாத்தியாரு என்ன பண்ணாரு? பூனைய அப்பிடியே வரஞ்சு, நாய்த் தலைய வச்சுட்டாரு. நீங்க செப்டம்பர்ல பாத்து, ஆகா, விசுவாசத்தோட ஒறக்கத்த எவ்வளவு அழகா காட்டியிருக்காருன்னு சொன்னீங்க. நான் சாயம் அரைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். இதப் பிரபுகிட்ட சொல்லிராதீங்க.

அந்தப் பார்வையா? ஆமா, நீங்க அதப் பத்தியும் சொன்னீங்க. கூப்பிடற மாதிரியும் இருக்கு, தள்ளி நிறுத்தற மாதிரியும் இருக்கு, எல்லாம் தெரிஞ்ச தேவி ஒருத்தி மனுசனப் பாத்து எரக்கப்படற மாதிரி இருக்குன்னு. அழகா சொன்னீங்கய்யா. அன்னைக்கு ராத்திரி ஓர்சாகிட்ட அத அப்பிடியே சொன்னேன், கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சா.

ஓர்சாவா? நான் ஓர்சான்னா சொன்னேன்?

இல்லிங்க... வாத்தியாரு உங்ககிட்ட கனவுல வந்த தேவின்னு சொல்லியிருக்காரு, எனக்குத் தெரியும். எல்லாப் பிரபுக்களுக்கும் அதத்தான் சொல்வாரு. சரி, வாய் தவறிருச்சு, இனிமே மறைச்சு என்ன பண்றது. ஓர்சா, முழுப் பேரு ஓர்செத்தா, என் சம்சாரம். பாய்மரத்துணி தைக்கிறவரு மகள். அந்தப் படத்துக்குக் கித்தான் தச்சுக் குடுத்ததே அவதான். ரெண்டு துணிய ஒட்டுப்போட்டுத் தச்சது, திரைச்சீலைக்கு நடுவுல தையல் ஓடுது, ரொம்ப உத்துப் பாத்தாத்தான் தெரியும். தான் தச்ச துணியிலயே தான் படுத்திருக்கா.

மொதல்ல வேற பொண்ணுதான் வந்துச்சு. மூணாவது நாளு ஒரு கிரேக்கக் கப்பல்காரனோட ஓடிப்போச்சு. வாத்தியாரு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, இவ கித்தான எறக்க வந்தவ, நான் படுக்கிறேன்னுட்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்! வீட்டுக்கு வந்து குதிகுதின்னு குதிச்சேன். அவ கேட்டா: ஊர்ல இருக்கிற தேவிங்க எல்லாத்துக்கும் பதினாறு வருஷமா நீதான விரிப்பு விரிக்கிற, எனக்கு ஒரு தடவ விரிச்சா கொறஞ்சா போயிருவ? சரி, விரிக்கிறேன்னேன். ஒரே ஒரு நெபந்தனை போட்டா. நான் அந்த ரூம்லயே இருக்கணும். எப்பவும்.

அதனால அந்தப் பார்வையில மொதப் பாதி என்ன தெரியுமா? யோவ், கால்ல ஈ உக்காந்திருக்கு, ஓட்டுய்யா. அவ்ளோதான். சத்தியமா. அசையக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது, கண்ணாலயே என்னைய வெரட்டுவா. வாத்தியாரு அத வரஞ்சுட்டு, இது சரியில்ல, இது தேவி மொகமில்ல, இது சண்டக்காரி மொகம்னு அழிச்சாரு. மூணு தடவ அழிச்சாரு.

தச்சர்தான்யா! ஆமா... பொம்பளக் குரல்தான்... தச்சரோட சம்சாரமும் கூட வந்திருக்கு போல. கார்னிவல் சத்தமாக்கூட இருக்கும். குடிங்க. எனக்கும் ஊத்துங்க கொஞ்சம்.

எங்க விட்டேன்? அழிச்சாரு. ஆகஸ்ட் மாசம் இன்னொரு தொல்ல வந்துச்சு. வாத்தியாரு வயித்துப் பக்கம் வேல பாத்துக்கிட்டு இருக்காரு, மே மாசம் வரஞ்சதுக்கும் எதுக்க படுத்திருக்கிறதுக்கும் பொருந்தல. பின்னால போறாரு, ஒத்தக்கண்ண மூடறாரு, முன்னால வர்றாரு. கடைசியில, ஏம்மா, நான் தட்டையா வரஞ்சு வச்சிருக்கேன், நீ என்ன, தெனமும் வீட்ல சோளக்கூழா குடிக்கிறன்னு கேட்டாரு. வெயிலுங்க, ஒடம்பு ஊதுதுன்னா இவ. நான் போய் இடுப்புக்கிட்ட விரிப்ப இழுத்துச் சரி பண்றேன். காதுல மெதுவா சொல்றா. வெயிலுமில்ல கூழுமில்ல, நீ அப்பனாகப் போற.

கையில இருந்த சாயத்தட்டு கீழ விழுந்துச்சுய்யா. அரக்குச் செவப்பு முழுக்கத் தரையில. வாத்தியாரு கத்துறாரு, அடேய் அது என்ன வெல தெரியுமான்னு. நான் தரையில மண்டி போட்டு ரெண்டு கையாலயும் செவப்ப வழிச்சுக்கிட்டு அவளைப் பாக்கிறேன். அவளால சிரிக்க முடியல, அசையக் கூடாதில்ல. சிரிப்பு மொத்தத்தையும் உள்ள புடிச்சு வச்சுக்கிட்டு என்னைப் பாக்கிறா. வாயோரம் மட்டும் லேசா... நீங்க பாத்தீங்களே அந்தப் பார்வ, அதோட மறுபாதி இதான். வாத்தியாரு கத்தறத நிறுத்திட்டாரு. அசையாத, அசையாத, அம்மா தாயே அப்பிடியே இருன்னு பிரஷ்ஷக்கூட மாத்தாம வரஞ்சாரு. கால் மணி நேரம். மாசக்கணக்கா வராத மொகம், கால் மணி நேரத்துல வந்துருச்சு. அந்த வயித்தையும் அப்பறம் அவரு அழிக்கல. தட்டையா இருந்தத மாத்தி, லேசா வளச்சு விட்டாரு. அதத்தான் நீங்க, செழிப்போட சின்னம், சீமைமாதுளம்பழத்துக்கு எவ்வளவு பொருத்தம்னு சொன்னீங்க. வாத்தியாரும் ஆமாமான்னு தலையாட்டினாரு.

யார்கிட்டயும் சொல்லலய்யா. வாத்தியாருக்கே நவம்பர்ல, மறைக்க முடியாம போனப்புறம்தான் சொன்னோம். மொதத் தடவ எல்லாருக்கும் சொன்னோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, புனித மார்ட்டின் திருநாளு. நான் தொட்டிலுக்கெல்லாம் சாயம் அடிச்சு வச்சிருந்தேன், மேகம், பறவ எல்லாம் போட்டு. இதே பாஸ்குவாம்மாதான். பையன். நல்ல பையன், வெரலெல்லாம் முழுசா இருந்துச்சு. அழவே இல்ல. நான் வெளிய நின்னு காத வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அழவே இல்லய்யா. ஓர்சாவுக்கு ஜுரம் வந்து, ஒரு மாசம் இவளும் போயிருவான்னுதான் நெனச்சோம்.

ம்? ஆமா. பாஸ்குவாம்மா மருத்துவச்சி.

வார்னிஷெல்லாம் காஞ்சு மூணு வாரமாச்சுங்க. காலையில ஓர்சா மேல வந்தா, நாளைக்கு எடுத்துட்டுப் போயிருவாங்களே, கடைசியா ஒருவாட்டி என்னைய நான் பாத்துக்கிறேன்னு. படத்துக்கு முன்னால நின்னவளுக்கு அங்கயே தண்ணி ஒடஞ்சுருச்சு. நாலு மாடிப் படி எறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்தக் கட்டில் இருந்துச்சு, படத்துல இருக்கிற அதே கட்டில், அதுல படுக்க வச்சிருக்கோம். உங்க பிரபுவோட படம் அதுக்கு நேரா நிக்குது. நல்லபடியா முடிஞ்சா கல்யாண வீட்டுக்கு நல்ல சகுனம்பீங்க. வேற மாதிரி முடிஞ்சா அந்தப் படத்த எந்தப் பொண்ணோட படுக்கயறையில மாட்டுவீங்க? வாத்தியாரோட ஒரு வருஷ ஒழப்பு. அதான் உங்ககிட்ட சொல்லல. இல்ல, அதுகூட இல்லய்யா. பேச்ச நிறுத்துனா மேல நடக்கிறது காதுல விழும். அதுக்காகத்தான் பேசிக்கிட்டே இருந்தேன்.

இப்பச் சத்தமே இல்ல பாருங்க.

ரொம்ப நேரமா இல்ல.

நீங்க ஏதாச்சும் சொல்லுங்கய்யா. விச்சென்சாவுல மழையா? ஏதாச்சும்...

அது... அது என்ன? புறாவா? பூனையா? அய்யா, உங்களுக்குக் கேக்குதா? எனக்கு மட்டும் கேக்குதா? கேக்குதுல்ல! அழுவுது! அழுவுதுய்யா, எம்மா, என்னமா கத்துது பாருங்க, சுண்டுவெரல் தண்டி தொண்டையில இருந்து!

பாஸ்குவாம்மா! என்ன கொழந்த? பொண்ணா! பொண்ணுய்யா! அம்மா, அவ எப்பிடி இருக்கா? ஓர்சா எப்பிடி இருக்கா?

பாஸ்குவாம்மா?

ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க? வழிய விடுங்கய்யா, நான் மேல போறேன். ஓர்சா! ஓர்சா, ஏய்!

...

கேட்டீங்களா? என்ன சொன்னா? வந்த மனுசன உக்கார வச்சு வெறும் பணியாரத்த மட்டுமா குடுக்கிற, அறிவு கெட்டவனே, அலமாரியில மீனு இருக்கு, காடியில ஊறப்போட்டது, அதக்கூட எடுத்து வைக்கத் தெரியாதான்னு திட்டுறாய்யா. என்னையத் திட்டுறா! புள்ள பெத்துக் கால் மணியாகல, நாலு மாடிக்கு மேலருந்து எனக்குக் கேக்கிற மாதிரி திட்டுறா!

சிரிங்கய்யா, நல்லா சிரிங்க, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கிறீங்க?

ஓர்சா! இன்னொருவாட்டி சொல்லு! அய்யாவுக்குச் சரியா கேக்கலையாம்!